தற்காப்புக் கூடவியல்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ஆறு வயதுப் பிள்ளையைக் கராத்தேக்கோ சிலம்பத்துக்கோ அனுப்பக் கருதும் பெற்றோர் பொருட்டு இந்நூல் யாக்கப்பட்டது. நூற்பயன், மாதக் கடைசியில் கையைக் கடிக்காமை.

கூடமானது முதல், கரு, உரி என்னும் மூன்றானும் அறியப்படும். முதற்பொருளாவது இடமும் பொழுதும். மாடியும் மாடிசார்ந்த இடமும் குறிஞ்சி. தோப்பும் கோயில் வெளியும் முல்லை. பள்ளிக்கூட வளாகம் மருதம். ஊடலுக்குரிய நிலமாதலின், வாங்கும் பணம் பள்ளிக்கா மாஸ்டருக்கா என்ற பிணக்கு அங்கே தீராது. முகூர்த்தமில்லா மாதத்துக் கல்யாண மண்டபம் பாலை. கடலில்லா ஊரில் நெய்தல் ஏது என்பார்க்கு, ஜூன் பிறந்து சாரல் அடிக்கத் தொடங்கியதும் இந்நான்கும் நனைந்து நெய்தலாகத் திரியும் என்க. ஆகஸ்ட் வரை இந்த நிலைதான். ஆண்டில் கால் பங்கு. ஆகவே சாரலுக்கு வகுப்பு உண்டா, இல்லையேல் அந்த மாதங்களுக்கும் பணம் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுக.

கருப்பொருளாவன கம்பு, வெள்ளுடுப்பு, கோப்பை, சுவரில் புரூஸ் லீ. பெயர்ப்பலகையில் களரி என்று கண்டால் வியக்கற்க. பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. ஒலிம்பிக் என்று கண்டால் மட்டும் சற்று நிற்க. டேக்வாண்டோ 2000 முதல் ஒலிம்பிக்கின் நிலையான பதக்க ஆட்டம். கராத்தே டோக்கியோவில் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, 2024 பாரிஸில் இல்லாமற்போயிற்று. சிலம்பம் அதே ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

உரிப்பொருள் கட்டணம் கட்டலும் கட்டல் நிமித்தமும். நூலின் உயிர்நிலை இதுவே.

கட்டல் எல்லார்க்கும் தெரிவது. நிமித்தமே குடி கெடுப்பது. ஒரு கூடம் மாதம் 400 ரூபாய் என்கிறது, மற்றொன்று 600 என்கிறது என்று கொள்வோம். முன்னதில் உடுப்பு 900, பெல்ட் தேர்வு ஆண்டுக்கு மூன்று, தேர்வுக்கு 700, போட்டி இரண்டு, நுழைவு 500 வீதம். கூட்டினால் 8,800, மாதத்துக்கு 733 ஆயிற்று. பின்னதில் நிமித்தம் ஒன்றும் இல்லையேல் ஆண்டுக்கு 7,200. எது மலிவு என்பது வெள்ளிடை மலை.

பெல்ட் ஏதோ ஆதிகாலத்து விதி என்று நினைப்பவர் உளர். பண்டை ஒகினாவாக் கராத்தேக்குப் பட்டை இருந்ததில்லை. 1922இல் அக்கலையை டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனாகோஷி, ஜூடோவைப் பார்த்து 1924இல்தான் முதன்முதலாகக் கறுப்புப் பட்டை கொடுத்தார். நம்மூரில் யூகேஜி முடியுமுன் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை மூன்றையும் கண்டுவிடும் பிள்ளைகள் உண்டு. நிமித்தத்துள் கொடியது உலக சாதனை: நூறு பிள்ளைகள் பானைமேல் நின்று மணிக்கணக்கில் கம்பு சுற்றுவது. சான்றிதழுக்குத் தனிக்காசு. பிள்ளை கற்றது பானைமேல் நிற்பது.

அச்சாதனையை விட்டால் சிலம்பத்தில் நிமித்தம் குறைவு. இந்நூலாசிரியர் சாய்வதும் அப்பக்கமே. கம்பு பிள்ளையின் நெற்றி அளவு; வளர வளர மாற்றினால் போதும். நல்ல வாத்தியாரை அறிய ஒரு மாலை மதில் ஓரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். சின்னவன் ஒருவன் தன் கம்பே கணுக்காலில் பட்டு அழுவான். வாத்தியார் குனிந்து, காலைத் தடவிவிட்டு, கம்பை வாங்கித் தூர வைப்பார். “ஏலே, கம்பு எங்கயும் போவாது. நீ கால மட்டும் வச்சுக் காட்டு.” அரை மணி வெறும் காலடி. அவரிடம் சேர்க்கலாம். அந்நேரம் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பவர் மாஸ்டர் எனினும் விலக்குக.

புறனடை: கட்டணமே சொல்லாத வாத்தியாரும் கிராமங்களில் உண்டு. வெற்றிலைமேல் வைத்ததை எண்ணிப்பாராமல் மடியில் முடிந்துகொள்வார். இவரிடம் சேர்ப்பது மிக மலிவு. ஆனால் கோயில் கொடைக்குப் பிள்ளை கம்பு சுற்றியே ஆகவேண்டும். அதைப் பார்க்க வரும் சொந்தபந்தம் அத்தனைக்கும் அன்று வீட்டில்தான் சாப்பாடு. அச்செலவு மேற்கண்ட கணக்கில் சேராது.