ரீஸ்டார்ட் அண்ணா

வண்டலூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய எந்த அபார்ட்மென்டை எடுத்துக்கொண்டாலும் இவர் ஒருவர் இருப்பார். வயது நாற்பதை நெருங்கும். கொளப்பாக்கம், கண்டிகை, மாம்பாக்கம் என்று கேளம்பாக்கம் ரோட்டின் பள்ளங்களையெல்லாம் தனித்தனியே குசலம் விசாரித்தபடி பைக்கில் சிறுசேரி சிப்காட்டுக்குப் போவார். ஆபீஸில் இவருக்கு 'ரீஸ்டார்ட் அண்ணா' என்று பெயர். எதிரில் யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடத்துத் தொழிற்சாலையிலிருந்து போன் வரும். "என்னங்க, உங்க சர்வர் படுத்துடுச்சாம், நீங்க எழுந்திரிங்க" என்பார் மனைவி. லேப்டாப்பைத் திறந்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வார். ஓடும். "என்ன சார் பிரச்சினை?" என்று எதிர்முனை கேட்டால், "இன்டர்மிட்டன்ட் சார்" என்பார். அதற்கு மேல் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமையானால் வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவின் புலிக்குக்கூட விடுமுறை, இவருக்குக் கிடையாது.

கோளாறு என்னவோ சாதாரணமானதுதான். வருகைப் பதிவுக்குக் கைரேகை வாங்கும் சி ஷார்ப் புரோகிராம், உள்ளே யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன பழைய சி பிளஸ் பிளஸ் டி.எல்.எல். ஸ்கேனரைத் திறந்தால் விண்டோஸ் ஒரு ஹேண்டில் தரும், வெறும் எண். அதை ஒரு ஆப்ஜெக்ட் பத்திரமாக வைத்திருக்கும். அண்ணா அந்த ஆப்ஜெக்டிடம் எண்ணை மட்டும் வாங்கி டி.எல்.எல்.லிடம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு ஆப்ஜெக்டின் பெயர் கோடில் எங்குமே வரவில்லை. குப்பை பொறுக்கும் ஜி.சி.க்கு அது போதும், ஆள் காலி என்று முடிவுகட்டிவிடும். தனி த்ரெட்டில் ஃபைனலைசர் வந்து ஹேண்டிலை மூடும். டி.எல்.எல். பாவம், இன்னும் விரலைப் படித்துக்கொண்டிருக்கும்.

கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு அப்பளம் எடுத்துக்கொண்டு பக்கத்து மாமாவிடம் ஒரு வார்த்தை பேசத் திரும்பினால் இலையைச் சுருட்டிவிடுவார்களே, அதே சுறுசுறுப்பு. அதோடு விட்டாலும் பரவாயில்லை. நாம் திரும்புவதற்குள் அதே இடத்தில் வேறொருவருக்கு இலை போட்டிருப்பார்கள். நாம் பாட்டுக்கு அவர் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்குவோம். விண்டோஸும் மூடிய எண்ணைச் சும்மா வைத்திருக்காது, அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடும். ஸ்கேனருக்குப் போகவேண்டிய கட்டளை அதே புரோகிராம் திறந்த சம்பள ரிப்போர்ட்டில் போய் விழும்.

"மெமரியைப் பத்தி நாம கவலைப்படக் கூடாதுன்னுதானே ஜி.சி.யைக் கண்டுபிடிச்சாங்க!" என்பது அண்ணாவின் வாதம். 1959 வாக்கில் லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி யோசித்தது மெமரிக்குத்தான். ஹேண்டில் என்று ஒன்று இருப்பதே ஜி.சி.க்குத் தெரியாது.

அண்ணாவின் சீட்டில் இந்தப் பிழை ஒருநாளும் வந்ததில்லை. "என் மெஷின்ல ஓடுதே!" என்று அவர் சொல்வது சத்தியம். டெபக் பில்டில் லோக்கல் வேரியபிள்களை மெத்தட் முடியும்வரை உயிரோடு வைத்திருப்பார்கள். ரிலீஸ் பில்டில் கடைசியாகத் தொட்டதோடு சரி. போதாததற்கு, இவர் ஒற்றை விரலை வைத்துச் சோதிப்பார், ஜி.சி. எட்டிக்கூடப் பார்க்காது. ஒரகடத்தில் ஷிஃப்ட் மாறும்போது நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

ஒருநாள் வெறுத்துப்போய், ரிலீஸ் பில்டிலேயே மெத்தடின் கடைசியில் ஸ்கேனரின் பெயரோடு 'முடிந்தது' என்று ஒரு லாக் வரி சேர்த்தார். பிழை போயே போய்விட்டது! கடைசி வரியில் ஆப்ஜெக்டைத் தொட்டதால் அதுவரை அது பிழைத்துக் கிடந்தது. காரணம் அண்ணாவுக்குத் தெரியாது. மேலே ஒரு கமென்ட் எழுதினார்: 'இந்த வரியை நீக்காதே. ஏன் என்று கேட்காதே.'

புதிதாகச் சேர்ந்த பெண் கேட்காமலேயே நீக்கிவிட்டாள். லாக் ஃபைல் குண்டாகிறதாம். அன்று ராத்திரியே ஒரகடத்திலிருந்து போன்.

மறுநாள் அவளே உட்கார்ந்து படித்து, லாக் வரி இருந்த இடத்தில் ஜி.சி. டாட் கீப்அலைவ் என்று ஒரு வரி போட்டாள். "இது உள்ள என்னம்மா செய்யுது?"

"ஒண்ணுமே செய்யாது அண்ணா. காலி ஃபங்ஷன். அதுவரைக்கும் ஆப்ஜெக்டை எடுத்துடாதேன்னு சொல்றதுதான் அதோட வேலை."

"என் வரியும் அதைத்தானே செஞ்சுது!"

இதற்கென்றே 2005-ல் டாட் நெட் 2.0-வோடு சேஃப்ஹேண்டில் வந்துவிட்டது, டி.எல்.எல். அழைப்பு முடியும்வரை அதுவே ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு மாற்றிவிடலாம் என்றாள். "அடுத்த ரிலீஸ்ல பார்ப்போம்மா" என்றார்.

இப்போது அண்ணா கண்ட இடத்திலெல்லாம் கீப்அலைவ் போடுகிறார். முந்தாநாள் ஒரு முழு எண்ணுக்கும் போட்டிருந்தார். எண்ணை அதற்குள் கொடுத்தால் அதைப் பொதிய ஒரு புது ஆப்ஜெக்ட் பிறக்கும், கடைசியில் அதையும் ஜி.சி.தான் வந்து பொறுக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள்.

"பொறுக்கட்டும்மா. அதுவும் சும்மா இருந்தா நம்ம ஹேண்டிலைத்தானே தேடும்?"