கார்த்திகை மழையில் வீடு பாருங்கள்

சென்னையில் வீடு தேடும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: கணவன், மனைவி இருவருக்கும் காரப்பாக்கத்தில் வேலை. கையிருப்பும் கடனும் சேர்த்து 85 லட்சம் வரை போகலாம். ஓ.எம்.ஆரில் நீச்சல்குளம், ஜிம் உள்ள புது ஃபிளாட்டா, மேற்கு மாம்பலத்தில் பழைய ஃபிளாட்டா?
(துரைப்பாக்கம் வாசகி)

ப: நீச்சல்குளத்தில் தண்ணீர் இருக்கும். குழாயில் இருக்குமா என்று கேட்டீர்களா? அந்த ஓ.எம்.ஆர். குடியிருப்பின் சங்கச் செயலாளரைப் பார்த்து, “சித்திரை, வைகாசியில் மாதம் எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறீர்கள்?” என்று கேளுங்கள். மெயின்டனன்ஸ் கணக்கையும் வாங்கிப் பாருங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்த ஆண்டின் கணக்கு கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, ஆபீஸ் மாறும். இன்று காரப்பாக்கம், நாளை போரூர் அல்லது அம்பத்தூர். பள்ளிக்கூடம், அப்பா அம்மா, குடும்ப டாக்டர் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், நடந்து போகும் தூரத்தில் ரயிலும் மார்க்கெட்டும் கோயிலும் உள்ள மாம்பலத்துக்கே என் ஓட்டு. லிஃப்ட் இருக்க வேண்டும், கார் நிறுத்தும் இடம் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், யு.டி.எஸ். 400 சதுர அடிக்குக் குறையக் கூடாது. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

கே: அந்த யு.டி.எஸ்.ஸைத்தான் எல்லோரும் சொல்கிறீர்கள். சுருக்கமாக விளக்குங்களேன்.
(கொளத்தூர் வாசகர்)

ப: நிலத்தில் உங்கள் பங்கு. இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. அதில் ஒரே அளவில் எட்டு வீடு என்றால் ஆளுக்கு 600. அதே அளவு வீடு இருபது மாடிக் கட்டடத்தில் என்றால் பங்கு இதில் பாதிகூட வராமல் போகலாம். கட்டடத்துக்கு வயதாகும், விலை ஏறுவது நிலத்துக்குத்தான். வாங்குமுன் ஒரு கூட்டல் போட்டுவிடுங்கள்: எல்லா வீடுகளின் யு.டி.எஸ்.ஸும் சேர்ந்தால் மனையின் அளவு வர வேண்டும். குறைந்தால், மீதியை யார் பெயரில் வைத்திருக்கிறார் என்று பில்டரிடம் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

கே: வேளச்சேரிப் பக்கம் ஒரு வீடு மனசுக்குப் பிடித்துவிட்டது. “இந்தத் தெருவில் வெள்ளமே வந்ததில்லை சார்” என்று புரோக்கர் சத்தியம் செய்கிறார். நம்பலாமா?
(ஆதம்பாக்கம் வாசகர்)

ப: சத்தியத்தை விடுங்கள், சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்ற தெருவில் காம்பவுண்டுச் சுவர்களில் ஒரே மட்டத்துக்குப் பழுப்புக் கோடு ஓடும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள், மூலையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தூணைப் பாருங்கள். கரண்ட் மீட்டர் பெட்டியைக் கழற்றி ஆள் உயரத்துக்கு மேல் மாட்டியிருக்கிறார்களா? தரைத்தள வீட்டு வாசலில் தாண்டிப் போகிற மாதிரி முழங்கால் உயரச் சுவர் எழுப்பியிருக்கிறார்களா? பழைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே பள்ளத்திலும் புது வீடுகள் நாலு படி மேலேயும் நிற்கின்றனவா? பட்டுத் தெரிந்துகொண்ட தெரு இப்படித்தான் இருக்கும்.

பிறகு இஸ்திரி வண்டிக்காரரிடம் போங்கள். “வெள்ளம் வந்ததா?” என்று கேட்காதீர்கள், “அதெல்லாம் இல்லீங்க” என்று முடித்துவிடுவார். “2015-ல எதுவரைக்கும் வந்துச்சு? 2023-ல எத்தனை நாள் நின்னுச்சு?” என்று கேளுங்கள். இடுப்பைத் தொட்டுக் காட்டுவார், இல்லையென்றால் கணுக்காலைக் காட்டுவார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரம் அடிபட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள் கணக்கில் தண்ணீர் வடியவில்லை. இரண்டு வெள்ளமும் வேறு வேறு. ஒன்று ஆறு ஏறி வந்தது, மற்றது பெய்த மழை போக வழியில்லாமல் நின்றது. ஆகவே இரண்டு ஆண்டையும் கேட்க வேண்டும். ஒரே பேட்டையில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பும். பேட்டையின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் தெருவை வைத்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது சோதனை வீட்டிலிருந்தே செய்யலாம். கூகுள் எர்த்தில் அந்த இடத்தின் பழைய ஆண்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இன்று அபார்ட்மென்ட் நிற்கும் இடம் இருபது ஆண்டுக்கு முன் பச்சையாகவோ கறுப்பாகவோ ஈரமாகத் தெரிந்தால், சர்வே எண்ணை வைத்து வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் அந்த நிலம் என்ன வகை என்று பாருங்கள். ஏரி, குளம், வாய்க்கால், புறம்போக்கு என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கே: அப்படிப் பார்த்தால் சென்னையே ஏரிதானே ஐயா? தி.நகரையே ஏரியில்தான் கட்டினார்கள் என்கிறார்கள்.
(சைதாப்பேட்டை வாசகர்)

ப: உண்மைதான். மாம்பலம் ஏரியை வற்றவைத்து 1920-களில் எழுப்பியதுதான் தியாகராய நகர். நுங்கம்பாக்கத்தில் ஏரி போய் லேக் ஏரியா என்ற பெயர் நிற்கிறது. நூறு ஆண்டுக்கு முன் செய்ததை இன்று திருப்ப முடியாது. அங்கே மழைநீர் எந்தக் கால்வாய் வழியே போகிறது, அது தூர்வாரப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கதை வேறு. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்த நீரெல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. 2022-ல் அதற்கு ராம்சார் ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அதன் விளிம்பில் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் வீட்டு நலனுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அங்கே கொட்டுகிற ஒவ்வொரு லோடு மண்ணும் மடிப்பாக்கத்திலோ வேளச்சேரியிலோ யாரோ ஒருவர் வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. நாம் வாங்காமல் இருந்தால் கட்டுகிறவர் கொஞ்சமாவது யோசிப்பார்.

கே: நாங்கள் எடுப்பது மூன்றாம் மாடி. எங்களுக்கென்ன பயம்?
(மேடவாக்கம் வாசகி)

ப: சம்ப்பும் ஜெனரேட்டரும் காரும் லிஃப்ட் குழியும் கீழேதானே இருக்கின்றன. சாக்கடை கலந்த சம்ப்பைக் கழுவி முடிக்கும்வரை உங்களுக்கும் தண்ணீர் கிடையாது. மாமியாருக்கு நடுராத்திரி மூச்சுத்திணறினால் எந்த வழியாக இறக்குவீர்கள் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கே: கிழக்கு பார்த்த வாசல் கிடைக்கவில்லை. வடக்கு பார்த்தது எடுக்கலாமா?
(அம்பத்தூர் வாசகர்)

ப: தாராளமாக. பத்திரம் நேராக இருந்தால் போதும்.

கே: பத்திரம் நேராக இருக்கிறதா என்று என்னைப் போன்றவர் எப்படிப் பார்ப்பது? வக்கீல் ஃபீஸை மிச்சம் பிடிக்கலாமா?
(பல்லாவரம் வாசகர்)

ப: மிச்சம் பிடிக்கக்கூடாத ஒரே செலவு அதுதான். வக்கீலையும் நீங்களே தேர்ந்தெடுங்கள், பில்டரோ புரோக்கரோ காட்டுகிறவர் வேண்டாம். ஆனால் முதல் சல்லடையை நீங்களே போடலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்கள். தாய்ப்பத்திரம் யாரிடம் இருக்கிறது? விற்பவர் பவர் வாங்கி விற்கிறாரென்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் காலமாகியிருந்தால் பொதுவாக அந்தப் பவரும் அன்றோடு போயிற்று. ஒரிஜினலைக் காட்டச் சொன்னால் ஜெராக்ஸையே திரும்பத் திரும்ப நீட்டுகிறாரா? ஒரிஜினல் எங்கேயோ அடமானத்தில் இருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாதிரி பழைய பேட்டைகளில் இன்னொன்றும் பாருங்கள். கோயில் மனையாக இருந்தால் கட்டடம் மட்டுமே உங்களுக்கு வரும், நிலம் சாமியுடையது. நிலத்துக்கும் சேர்த்து விலை சொல்கிறவரிடம் எழுந்து விடை பெற்றுக்கொள்ளுங்கள்.

கே: கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு மனை, பாதி விலை. “பஞ்சாயத்து அப்ரூவல்” இருக்கிறதாம்.
(தாம்பரம் வாசகர்)

ப: மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிற அதிகாரம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சி.எம்.டி.ஏ.) நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும்தான் (டி.டி.சி.பி.). பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டு, ஊரெல்லாம் பரிதவித்தது மறந்திருக்காது. பிறகு வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முந்திய மனைகளுக்குத்தான். பாதி விலைக்கு வாங்கி, பாங்குக் கடனும் கிடைக்காமல், கட்டட அனுமதியும் கிடைக்காமல் வேலி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கே: 120 வீடுகள் வரப்போகிற புராஜெக்ட். “ப்ரீ-லாஞ்ச் விலை, இந்த வாரம் மட்டும்” என்று 15 லட்சம் கேட்கிறார்கள். வீட்டின் விலை 78 லட்சம்.
(போரூர் வாசகர்)

ப: ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு எண் கேளுங்கள். அந்த அளவுத் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ சட்டம் இடம் தரவில்லை. பதிவு செய்திருந்தாலும், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் கணக்கில் 7 லட்சத்து 80 ஆயிரம். 15 லட்சம் கேட்கிறவர் முதல் நாளிலேயே சட்டத்தைத் தாண்டுகிறார். அவர் நாளைக்குச் சாவியை மட்டும் நாள் தவறாமல் தருவார் என்று எப்படி நம்புவது? அடுத்த வாரம் போகட்டும். வீடு எங்கேயும் ஓடாது.

கே: மாதம் 24,000 வாடகை கொடுக்கிறேன். “வாடகை தண்டச் செலவு” என்று வீட்டில் தினமும் பேச்சு. கடன் வாங்கி வாங்கிவிடவா?
(வளசரவாக்கம் வாசகர்)

ப: 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 43,400. மொத்தமாகக் கட்டுவது 1 கோடியே 4 லட்சம். அதையே 15 ஆண்டில் முடித்தால் தவணை 49,200-தான், ஆனால் மொத்தம் சுமார் 88 லட்சத்து 60 ஆயிரத்தில் முடிந்துவிடும். மாதம் ஆறாயிரம் கூடக் கட்டினால் கடைசியில் 15 லட்சத்துக்கு மேல் மிச்சம்.

கைக்காசையும் எண்ணுங்கள். 70 லட்சம் ரூபாய் பழைய ஃபிளாட்டுக்கு பாங்கு அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 56 லட்சம் தரும். உங்கள் பங்கு 14 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், இன்னொரு 6 லட்சத்து 30 ஆயிரம். ஆக 20 லட்சத்துக்கு மேல் ரொக்கமாக வேண்டும், அலமாரி, வயரிங், குடிபோகும் செலவெல்லாம் இதில் சேராது. இந்தத் தொகைக்காக மனைவியின் நகை முழுவதையும் விற்று, பி.எஃப்.பையும் துடைக்க வேண்டியிருந்தால் இந்த ஆண்டு வாங்காதீர்கள். ஒரு வேலையிழப்பைத் தாங்கப் பணம் இல்லாமல் வீடு மட்டும் இருப்பது பெரிய வேதனை. வாடகை தண்டமில்லை, அது நிம்மதியாகத் தூங்கக் கொடுக்கிற காசு.

கே: மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லியே விலையை ஏற்றுகிறார்கள்.
(மாதவரம் வாசகி)

ப: மாதவரத்திலிருந்து பெரம்பூர், மயிலாப்பூர், அடையாறு வழியாகச் சிறுசேரி வரை இரண்டாம் கட்டப் பாதை வருவது நிஜம். “ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்” என்பதை மட்டும் நீங்களே நடந்து பாருங்கள். மழையில், கையில் பையோடு, நடைபாதை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். பதினைந்து நிமிடம் ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கே: பெரம்பூரில் வாங்கப் போகிறோம் என்றால் சொந்தக்காரர்கள், “வடசென்னையா?” என்று முகம் சுளிக்கிறார்கள்.
(அயனாவரம் வாசகி)

ப: சுளிக்கட்டும். தெற்கே 1 கோடிக்குக் கிடைப்பது அங்கே அதைவிடக் குறைவில் கிடைக்கும். ரயில் உண்டு, நல்ல மார்க்கெட் உண்டு, தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் தெரிந்த தெருக்கள் உண்டு. கொடுங்கையூர் குப்பைக்கிடங்கின் புகையும் மணலித் தொழிற்சாலை வாடையும் அந்தத் தெருவுக்கு வருகின்றனவா என்று மட்டும், காற்று வீசும் ஓர் இரவில் போய் நின்று பாருங்கள். வராவிட்டால் சந்தோஷமாக வாங்குங்கள். வடசென்னைக்காரர்கள் இந்த நகரத்துக்காக எத்தனையோ புகையைச் சுவாசித்துவிட்டார்கள். அவர்கள் பேட்டையைப் பற்றிய இளக்காரத்தையாவது நாம் நிறுத்தலாம்.

கே: 1988-ல் கட்டிய ஃபிளாட், ஆறு வீடுகள். இடித்துக் கட்டலாம் என்று ஒரு பில்டர் வருகிறார். ஒருவர் மட்டும் ஒத்துவர மறுக்கிறார்.
(அண்ணா நகர் வாசகர்)

ப: 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்கு வழி தருகிறது. ஆனாலும் அந்த ஒருவரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். இரண்டு ஆண்டு எங்கே குடியிருப்பது என்பதுதான் அவர் பயமாக இருக்கும். அந்த வாடகையைப் பில்டர் மாதாமாதம் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் காட்டுங்கள்.

கே: மதுரையில் சொந்த வீடு. நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம். மகள் சோழிங்கநல்லூரில். மதுரை வீட்டை விற்றுவிட்டு அவள் பக்கத்தில் ஃபிளாட் வாங்கச் சொல்கிறாள்.
(மதுரை வாசகர்)

ப: மகள் பக்கத்தில் இருப்பது நல்ல முடிவு. விற்பதற்கு மட்டும் அவசரம் வேண்டாம். மதுரை வீட்டை எழுத்து ஒப்பந்தத்தோடு வாடகைக்கு விடுங்கள், அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து மகள் தெருவிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். மருமகனுக்கு பெங்களூருக்கு மாற்றலாகிறதா, உங்களுக்குக் காலையில் பேசிக்கொண்டு நடக்க நாலு பேர் கிடைக்கிறார்களா, மனைவிக்கு அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள், பத்திரம் உங்கள் இருவர் பெயரிலும் இருக்கட்டும்.