இடுப்புல மெத்தை கட்டுன மகராசா

வாடா பேராண்டி. எங்க இம்புட்டு வெரசா? மேல எலுமிச்சங்கலர் சட்டை, கீழ தொடையோட ஒட்டுன கருப்பு நிக்கரு. சைக்கிள்ல சிறுமலைக்கா? ஏறு, ஏறு. கொண்டை ஊசி வளைவுல எவனுக்கும் சட்டையப் பாத்து வழிவிடாது மலை.

உங்க தாத்தன் பட்டாப்பட்டியோட வத்தலக்குண்டு சந்தைக்கு மிதிச்சுட்டுப் போய் வந்தவன்தான். பெருமைக்குச் சொல்லலாம். வீட்டுக்கு வந்து தொடையிடுக்குல தேங்காயெண்ணெய தடவிக்கிட்டு அகட்டி அகட்டி நடந்ததையும் சொல்லணும்ல? பருத்தி வேர்வையக் குடிச்சா சீக்கிரம் காயாது. ஈரத் தையலு தோல உரிச்சுப்புடும். அதனால நீ போட்டுருக்கறது நல்ல துணிதான். நீ அத வாங்குன லட்சணம்தான் சிரிப்பா வருது.

மார்ல எழுதியிருக்க பேரப் பாத்துத்தான துட்டக் குடுத்த? நம்மூருல பூட்டு வாங்குறவன் பளபளப்பையா பாப்பான்? உள்ள எத்தன லீவருன்னு கேப்பான். சீமைப் பேரு ஒட்டுன பனியன் எம்புட்டோ திருப்பூருலதான தைக்கிறாக! பஸ்ஸேறுனா மத்தியானச் சோத்துக்குள்ள போயிரலாம்.

கடையில கண்ணாடி முன்னாடி வெறைப்பா நின்னு வயித்த எக்குன பாரு, அங்கதான் கோட்ட விட்ட. சைக்கிள நின்னுக்கிட்டா ஓட்டுவ? குனி. ஹேண்டில்பாரப் புடிச்ச மாதிரி கைய நீட்டு. நிக்கையில தோளப் புடிச்சு இழுக்கற நிக்கரு வாரு, குனிஞ்சா சரியா உக்காரும். சட்டை பின்னால நீளமா இருக்கணும். இல்லாட்டி ரவுண்டு ரோடு பூராவும் உன் முதுகெலும்ப எண்ணும். பின்பையில போனப் போட்டுப் பாரு. சட்டை தொங்குச்சுன்னா வச்சுட்டு வா.

அடுத்தது நிக்கருக்குள்ள தச்சிருக்க அந்த மெத்தை. தலகாணி கணக்கா மொத்தமா இருந்தா சொகம்னு நெனைக்கிற. கட்டை விரலால அமுக்கிப் பாரு. பொசுக்குன்னு அடியத் தொட்டா அரை மணி நேரத்துல அப்பளமாயிரும். கெட்டியா இருந்து மெல்ல எழும்புனா வாங்கலாம். நீ உக்காருற எலும்பு அது மேல படணும். பொம்பளப் பிள்ளைகளுக்கு அந்த எலும்பு அகலம், அவுகளுக்கு வேற வெட்டு. பெறகு, ரகசியமாச் சொல்றேன், காதக் குடு: உள்ள ஜட்டி போடாத. போட்டா மெத்தைக்குக் குடுத்த காசு வெட்டி. தையலு மறுபடி தோல்ல உரசும்டா.

துணிய இழுத்து வெளிச்சத்துல புடி. அந்தப் பக்கம் ஆளு தெரிஞ்சா, உனக்குப் பின்னால வர்றவன் பாவம். கையவிட்டா சுருங்கி எடத்துக்கு வரணும். அப்படிச் சுருங்க வைக்கிற ஸ்பான்டெக்ஸ் நூல அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனிக்காரன் 1958ல கண்டுபிடிச்சான். வெந்நீர், பிளீச்சு, கம்போர்ட்டு மூணும் அதுக்கு ஆகாது. பச்சத் தண்ணில அலசி நெழல்ல போடு.

எம்முன்னு சீட்டு சொன்னா நம்பாத. ஒரு கம்பெனிக்கு எம், இன்னொருத்தனுக்கு எல். இஞ்சு டேப்ப எடுத்து இடுப்பையும் தொடையையும் அள. தொடைப் பட்டி ஒட்டணும், சதையப் பிதுக்கக் கூடாது. மொதத் துட்டு நிக்கருக்கு, மிச்சந்தான் கலர் சட்டைக்கு. நாலுவழிச் சாலையில லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியுற அந்தக் கண்றாவி எலுமிச்சைய மட்டும் மாத்தாத.

சரி, டீக்கடை வரைக்குந்தான் போறியா? அடப்பாவி! அதுக்கு வேட்டியே போதும்டா, மடிச்சுக் கட்டிட்டுப் போ. வர்றப்ப எனக்கு ரெண்டு வடை.