ஸ்ப்ரே அடிச்சது போதும், எழுந்து நில்லுடா!

டேய் பேராண்டிங்களா, பேட்டை ஓரமா வச்சுட்டு இப்படி வந்து குந்துங்க. நம்ம டவுன்ஷிப்புல வட்டத்துக்கு வட்டம் ஒரு டீம் வச்சிருக்கீங்க. பேரு மட்டும் புலி, சிங்கம். டென்னிஸ் பந்து தொடையில பட்டதுக்கு ஒருத்தன் மல்லாந்துட்டான், நாலு பேரு ஓடியாந்து ஸ்ப்ரே அடிக்கிறீங்க. பூச்சி வுழுந்த வருசம் கூட என் முந்திரிக் கொல்லைக்கு நான் அம்புட்டு மருந்து அடிச்சதில்ல.

அன்ஷுமன் கெய்க்வாட்னு ஒருத்தரு இருந்தாரு, தெரியுமா? முழிக்காதீங்க, தெரியாதுன்னு எனக்குத் தெரியும். பரோடா ஆளு, கண்ணாடி போட்ட மனுசன். ரத்தப் புற்றுநோய் வந்து 2024 ஜூலை 31ஆம் தேதி போய்ச் சேர்ந்துட்டாரு. வயசு 71.

1976 ஏப்ரல் மாசம். டிரினிடாட்ல வெஸ்ட் இண்டீஸ் 403 ரன்னு எடுக்கச் சொன்னான், நம்மாளுங்க நாலே விக்கெட்டுல எடுத்துக் காட்டிட்டாங்க. அவன் கேப்டன் லாயிடுக்கு வந்த கோவத்துல, அடுத்த ஆட்டத்துக்கு வேகப்பந்துக்காரனா வரிசையில நிறுத்திட்டான். ஜமைக்காவுல சபீனா பார்க். ஓவருக்கு இத்தனை பவுன்சர்தான்னு அப்ப எண்ணிக்கை கிடையாது. ஹெல்மெட்டும் கிடையாது. அதுல ஹோல்டிங்னு ஒருத்தன் ஓடியாந்து போட்டது பாதி நெஞ்சுக்கு, மீதி தலைக்கு. கெய்க்வாட் அசையல. வெலாவுல வாங்குனாரு, கையில வாங்குனாரு, ஏழு மணி நேரத்துக்கு மேல நின்னாரு. 81 எடுத்திருக்கும்போது ஒரு பந்து காதோரமா வந்து அடிச்சுது. செவிப்பறை கிழிஞ்சு போச்சு. அப்பத்தான் ஆளை வெளிய கொண்டுபோனாங்க.

நம்ம விஸ்வநாத்துக்கு வெரலு ஒடைஞ்சுது, பிரிஜேஷ் பட்டேலுக்கு வாயி கிழிஞ்சுது. இதுக்கு மேல ஆளை இழக்க முடியாதுன்னு கேப்டன் பேடி 306க்கு ஆறு விக்கெட்டோட டிக்ளேர் பண்ணிட்டாரு. அப்பறம் பேடி, சந்திரசேகர் கையிலயும் அடி. ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஆட வரமுடியாதவங்க அஞ்சு பேரு. 97 ரன்னோட கணக்கு முடிஞ்சுது. தோத்தாங்கதான். ஆனா அந்த 81ஐ இன்னிக்கும் பேசறாங்களே! நீங்க போன மாசம் ஜெயிச்ச கப்பைப் பத்தி ஒங்க அம்மாவாவது பேசறாங்களா?

அத்தோட மனுசன் ஒளிஞ்சுக்கல. காதுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு மறுபடி அதே மாதிரிப் பந்துக்கு முன்னால வந்து நின்னாரு. மொத்தம் 40 டெஸ்ட். 1983ல ஜலந்தர்ல பாகிஸ்தானுக்கு எதிரா 201. அதுக்கு எடுத்துக்கிட்டது 671 நிமிசம். இங்க நம்ம சுரங்கத்துல ஒரு ஷிப்டு எட்டு மணி நேரம். அவரு பாத்தது ஏறக்குறைய ஒண்ணரை ஷிப்டு, ஓவர்டைம் கேக்காம. ஒங்களால முப்பது செகண்டு ரீல்ஸை முழுசாப் பாக்க முடியுதாடா? 1999ல டெல்லியில கும்ப்ளே பத்து விக்கெட்டையும் எடுத்தாரே, அப்ப அந்த டீமுக்குக் கோச்சும் இவருதான்.

"அப்ப ஹெல்மெட் இல்லாம ஆடுறதுதான் வீரமா தாத்தா?"ன்னு ஒரு பய கேக்கப் போறான். கேளு, கேளு. அவரு ஹெல்மெட்டை வேணாம்னு தூக்கி எறியல, இல்லாததால போடல. 1962லயே பார்படாஸ்ல நம்ம கேப்டன் நாரி காண்ட்ராக்டருக்கு மண்டை ஒடைஞ்சுது. எதிர் டீம் கேப்டன் ஃபிராங்க் வொரெல் தானே வந்து ரத்தம் கொடுத்தாரு. அப்பவும் யாருக்கும் புத்தி வரல. சுரங்கத்துல பக்கெட் வீல் மண்ணு வாருற எடத்துல வெறுந்தலையோட நின்னா ஒன்னை வீரன்னு எவனும் சொல்லமாட்டான், கழுத்தைப் புடிச்சு மேல ஏத்தி வுட்டுருவான். நீங்க என்னடான்னா ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கு மேல வச்சுக்கிட்டு கடலூர் ரோட்டுல பறக்குறீங்க. மூளை இருக்கற எடத்துக்குத்தான் பாதுகாப்புன்னு வச்சிருக்கீங்களோ என்னமோ. ஒங்களைப் பாத்தா அதுவும் சரியாத்தான் படுது.

வலிச்சாலும் கத்தாம, அடுத்த பந்துக்குக் காலை அதே எடத்துல வைக்கிறான் பாரு, அவன்தான்டா வீரன். தலையில கவசம் இருக்கா இல்லையாங்கறது வேற கணக்கு.

இன்னொண்ணு. அவரு ஒடம்புக்கு முடியாம லண்டன்ல வைத்தியம் பாத்தாரு. கபில்தேவும் கூட ஆடுனவங்களும் வாயத் தொறந்து கேட்டப்பறம், ஜூலை மாசம் கிரிக்கெட் போர்டு 1 கோடி ரூபா கொடுத்துச்சு. நல்ல காரியந்தான், கொறை சொல்லல. ஆனா அந்த மாசம் முடியறதுக்குள்ள மனுசனே முடிஞ்சுட்டாரு. ஏலத்துல ஒரு சின்னப் பையனுக்குப் பல கோடி தர்றப்ப ஆகாத தாமசம், காது கிழிஞ்சவருக்கு மட்டும் எப்படித்தான் ஆகுதோ!

அதனால சொல்றேன். நம்ம டவுன்ஷிப்புலயும் ஆடி ஓஞ்ச பழைய ஆட்டக்காரங்க இருப்பாங்க. செத்தப்பறம் போஸ்டர் அடிக்கறதைவிட, உசுரோட இருக்கறப்பவே போய் ஒரு வார்த்தை விசாரிங்க. விசாரிக்க வேண்டிய கெழவனுங்க பட்டியல்ல என் பேரையும் சேத்துக்குங்க. மாலையெல்லாம் வேணாம், ஒரு டீ போதும், சக்கரை கொஞ்சம் தூக்கலா.