கீழே கொஞ்சம் காலி: சிவகாசி வட்டாரத்துச் செல்போன் படங்களைப் பற்றி ஓர் ஆய்வு

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசி, அங்கிருந்து கிழக்கே சாத்தூர், மேற்கே திருவில்லிபுத்தூர் என்று விரியும் நிலப்பரப்பே இவ்வாய்வின் களம். இங்கே வசிக்கும் எவருடைய செல்போனையும் வாங்கிப் பார்க்கலாம் (கேட்டு வாங்குவது ஆய்வு நெறி). வாசலில் நிற்கும் ஆடு, புதிதாக வாங்கிய பைக், பங்குனிப் பொங்கலுக்குப் போட்ட பந்தல் என எதை எடுத்திருந்தாலும் அது படத்தின் மேல்பாதியில் போய் உட்கார்ந்திருக்கும். கீழே ஒன்றும் இருக்காது. தார்ரோடு இருக்கும், அல்லது கரிசல் மண், அல்லது சிமெண்ட் தரை.

கை நடுக்கம், போனைப் பிடிக்கத் தெரியவில்லை என்றெல்லாம் இதற்குக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. திருவில்லிபுத்தூரில் கண்ட காட்சி அவர்கள் வாயை அடைத்துவிடும். ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி. அதன் எதிரே குடும்பத்தை நிறுத்தி ஒருவர் படமெடுக்கிறார். போனைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் முழுதாக விழும்; காலடியில் தரை தாராளமாகக் கிடக்கிறது. அவர் சாய்க்கவில்லை. கலசங்களை வெட்டினார், மேல்நிலைகளில் இரண்டை வெட்டினார், தரையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கோபுரத்தையே பலி கொடுத்து ஒரு மனிதர் காப்பாற்றுகிற வெற்றிடம் தற்செயலாக அமைந்திருக்க முடியாது.

தினசரி காலண்டரே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

காலண்டரின் உடற்கூறு எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் ஆய்வுக் கட்டுரை என்பதால் விவரிக்க வேண்டியிருக்கிறது. மேலே படம். முருகனோ, குழந்தையோ, பனிமலையோ. அதன் காலடியில் ஒரு பட்டை. அதில் கடைப் பெயர், முதலாளி பெயர், இரண்டு போன் நம்பர். அதற்கும் கீழே, ராகு காலமும் எமகண்டமும் சூலமும் சந்திராஷ்டமமும் அச்சடித்த, நாள்தோறும் கிழிக்கிற சீட்டுக்கட்டு. ஆக, நம் வீட்டுச் சுவரில் எந்தத் தெய்வமும் தன் காலடியை ஓர் எண்ணெய்க் கடைக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அருள்பாலிக்கிறது.

'தமிழ்நாடு முழுக்கத்தான் காலண்டர் தொங்குகிறது, உங்கள் ஊர்க்காரருக்கு மட்டும் என்ன தனி வியாதி' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மற்ற ஊர்க்காரர்கள் காலண்டரைப் பார்ப்பது தை மாதம் நெருங்கும்போது, எல்லாம் முடிந்த நிலையில். இங்கே நிலைமை வேறு. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி மரபு. ஆடி 18 அன்று மற்ற ஊரெல்லாம் ஆற்றங்கரைக்குப் போகும். அந்த மாதத்தில் வைப்பாற்றுக்குப் போனால் மணலும் சீமைக்கருவேலமும்தான் வரவேற்கும் என்பதால் இவ்வூர் அச்சகத்துக்குப் போகிறது. அன்றிலிருந்து மார்கழி வரை கடைப் பெயர் ஏறாத படங்கள் கட்டுக்கட்டாகத் தள்ளுவண்டியிலும் ஆட்டோவிலும் தெருவெங்கும் பயணம் செய்கின்றன. அப்படங்களில் பட்டை வெறுமையாக இருக்கும். அதாவது நிரம்புவதற்கு முந்தைய காலியைக் கண்ணால் கண்டு வளர்கிற பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். படம் என்றால் கீழே யாரோ ஒரு அண்ணாச்சிக்கு இடம் விட வேண்டும் என்பது அவர்களுக்கு எழுதப்படிக்கக் கற்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

இனி முன்னோடிகள். உலகில் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய கேமராப் படம் ஒரு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827-இல் தன் வீட்டுக் கூரைகளை எடுத்தார். மலைக்கோ மாளிகைக்கோ அவர் போகவில்லை. மொட்டைமாடியில் ஏறி அக்கம்பக்கத்தை எடுத்து உறவினருக்கு அனுப்புகிற நம் மக்கள் அவருடைய நேரடி வாரிசுகள் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஏனோ எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் படத்தில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருப்பதைக் கண்டு அறிஞர்கள் வியந்து, பல மணிநேரம் ஒளி பட வைத்ததால் சூரியன் நகர்ந்துவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். விருதுநகர்க்காரருக்கு இந்த விளக்கம் தேவைப்படாது. சித்திரை மாதத்தில் இங்கே எல்லாச் சுவரிலும் வெயில் இருக்கும்.

அடுத்தவர் டகேர். 1838-இல் பாரிஸ் வீதி ஒன்றை அவர் எடுத்தபோது ஒளி பட நிமிடக் கணக்கில் ஆனதால் நடந்தவர்கள், வண்டிகள் எல்லாம் மறைந்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவரும் பாலிஷ் போட்டவரும் மட்டும் பதிவானார்கள். அதே பெட்டியை விருதுநகர் பஜாரில் வைத்திருந்தால் மல்லி மூட்டை தூக்குகிறவர்களும் தள்ளுவண்டியும் மறைந்து, பருப்பு விலை பேசுகிறவர்கள் மட்டும் தெளிவாக விழுந்திருப்பார்கள். இந்த டகேர் புகைப்படத்துக்கு வருமுன் நாடக மேடைக்குத் திரை எழுதியவர். காலண்டர் சாமிப் படங்களின் பிதாமகர் கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி வந்தவர்தான். புகைப்படமும் காலண்டரும் நாடகக் கொட்டகைப் பின்திரையில் பிறந்த ஒருதாய் மக்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டலாம். ஆய்வுலகில் இதைவிடக் குறைந்த ஆதாரத்துக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

சென்னை மாகாண அரசுக்காகப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரைக் கோயிலையும் அரண்மனையையும் எடுத்தார். அவர் வெளியிட்ட தொகுப்புகளில் அன்றைய விருதுபட்டிக்கு, அதாவது இன்றைய விருதுநகருக்கு, இடமில்லை. ஊருக்குப் பேர் வாங்கித் தந்த புரோட்டாவும் அப்போது வந்திருக்கவில்லை என்பதால் மன்னிக்கலாம்.

இவ்வட்டாரத்துப் படங்களில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. காலை வேலைக்கு வேன் ஏறியதிலிருந்து சாயங்காலம் இறங்கும் வரை படமே இருக்காது. பட்டாசு ஆபீசுக்குள் (ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வது) போன் கொண்டுபோகக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை. 1887-இல் ஜெர்மானியர் இருவர் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து புகைப்படக்காரர்களுக்கு 'ஃப்ளாஷ்' செய்து கொடுத்தார்கள். நம்மூர் வெடிக்குள் போவது அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு. கேமராவின் ஃப்ளாஷும் நம் வெடி மருந்தும் நெருங்கிய பங்காளிகள் என்றாலும் பங்காளி வீட்டு வாசலில் கேமராவுக்கு அனுமதியில்லை. நியாயமான தடைதான், இவ்வாய்வாளருக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த உழைப்பு படத்தில் வேறு வழியாக நுழைந்துவிடுகிறது. பட்டாசுக்கு மணி மருந்து பிசைந்துவிட்டு வந்த மதினி கையைக் கழுவிய பிறகும் நகக்கண்ணில் வெள்ளிப் பூச்சு மிச்சமிருக்கும். அந்த விரல் லென்சில் பட்டுவிட, முந்தானையால் அவசரமாக ஒரு துடைப்பு. அன்று இரவு எடுக்கிற படத்தில் தெருவிளக்கைச் சுற்றி ஒளிவட்டம் விழும். தெய்வத் திருமுகத்துக்குப் பின்னால் காலண்டர் ஓவியர்கள் பாடுபட்டு எழுதுவது, இங்கே மின்வாரியக் கம்பத்துக்குத் தானாக வந்துவிடுகிறது.

தீபாவளி வாணவேடிக்கைப் படம் இங்கே குறைவு. வருடம் முழுக்கப் புதுச் சரக்கைச் சோதித்துப் பார்க்கிற ஊரில் வானத்தில் பூப் பூத்தால் யாரும் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் பூ உதிர்ந்து புகைதான் விழும். தவிர, சரக்குக்கும் படத்துக்கும் சம்பந்தம் வேண்டும் என்ற எண்ணமே இவ்வூர் மரபில் இல்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சகம் வந்தது, அச்சகம் வந்த பின் காலண்டர் வந்தது. அந்த லேபிள்களில் கிளி, மான், தாமரை, குழந்தை என்று என்னென்னவோ இருக்கும். உள்ளே இருப்பது குச்சி. வெடிப் பெட்டிக்கும் இதே கதைதான். குருவி வெடிப் பெட்டிக்குள் குருவி இல்லை.

அதிகமாக எடுக்கப்படுவது மழை மேகம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி எங்கும் மேற்கே மலைப் பக்கம் ஒரு கருமுகில் தலைகாட்டினால் போதும், மாடியெல்லாம் மனிதத் தலை. 'இருட்டிக்கிட்டு வருது' என்ற வாசகத்தோடு சென்னைக்கும் திருப்பூருக்கும் துபாய்க்கும் படம் பறக்கிறது. பெரும்பாலும் மழை பெய்யாது; அதனால் படத்தின் மதிப்பு குறைவதுமில்லை. ஒரே மேகத்தை இரண்டு பேர் எடுப்பதில்தான் வட்டாரப் பொருளாதாரம் முழுதும் அடங்கியிருக்கிறது. கம்மாய்க் கரையில் நின்று எடுப்பவர் கும்பிடு பொம்மை சேர்த்து அனுப்புகிறார். களத்தில் சரக்கைக் காயப் போட்டிருப்பவர் அதே மேகத்தை எடுத்து அழுகிற முகம் சேர்த்து அனுப்புகிறார். வெயில் காய்ந்ததால்தான் இந்த மண்ணில் இத்தொழில்கள் வேர் விட்டன, வெயில் காய்ந்ததால்தான் விவசாயம் நொடித்தது. இரண்டு படத்திலும் கீழே காலி இருக்கிறது என்பதை மட்டும் ஆய்வாளர் பணிவோடு பதிவு செய்கிறார்.

ஒரு வகைப் படத்தில் இந்த விதி செல்லாது. தூரத்தில் எழும் புகையை மாடியிலிருந்து எடுப்பது. ஜூம் செய்து ஆட்டத்தோடு எடுத்திருப்பார்கள். மேலுமில்லை, கீழுமில்லை. கிடைத்தவர்கள் அதில் பார்ப்பது திசையை மட்டும்: எந்தப் பக்கம், நம்ம ஆட்கள் போகிற பக்கமா. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்தவர்களில், புகையைப் பார்த்து அங்கே ஓடிய அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். அவ்வகைப் படங்களை இந்த ஆய்வில் எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் வருகிற 'இனிய காலை வணக்கம்' படங்களோடு இந்த ஆய்வு ஒரு முடிவுக்கு வருகிறது. அனுப்புகிறவர் தன் தெருவில் எடுத்த செம்பருத்தி மேலே. கீழே விட்ட காலியில் தேதி, திதி, நல்ல நேரம், ஒரு பொன்மொழி, தன் பெயர், சில சமயம் தன் கடை. சீட்டுக் கிழிக்கிற வேலைகூட இல்லை, மறுநாள் அழித்தால் போதும். இத்தனை வருடம் ஊர் பெயர் தெரியாத பனிமலையை உலகத்துக்கு அச்சடித்துக் கொடுத்தவர்கள், இப்போது சொந்த வீட்டுச் செம்பருத்தியைக் காலண்டர் ஆக்குகிறார்கள்.

கருதுகோளைச் சோதிக்கும் பொருட்டு, சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்யும் தம்பி ஒருவரிடம் இதெல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டது. வாடிக்கையாளர்கள் தங்கள் கடையைத் தாங்களே படமெடுத்து அனுப்பினால் பெயர் போட இடம் தேடுவதே இல்லை, கீழே ரெடியாக இருக்கிறது என்று அவரும் ஒப்புக்கொண்டார். மகிழ்ச்சியில் எழுந்திருக்கும்போது, "ஆனா அண்ணாச்சி, அது காலண்டர் பாத்து இல்ல. போட்டோல கால் வெட்டுப்படக் கூடாதுன்னு எல்லாரும் பயந்துக்கிட்டுக் கீழ இறக்கிப் பிடிப்பாங்க. எந்த ஊர்ப் படமும் அப்படித்தான் வருது" என்றார். விசாரித்ததில் அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், இங்கே பெண் எடுத்து வந்தவர் என்று தெரிந்தது. களத்துக்கு வெளியே பிறந்தவர் என்பதால் அவர் கூற்று தள்ளுபடி செய்யப்படுகிறது.