பல்லி சொல்வதும் பல்லி விழுவதும்: ஓர் ஒப்பாய்வு

சுவரில் வாழும் ஒரே பிராணி இரண்டு சாத்திரங்களைக் கட்டிக்காத்து வருகிறது: கத்தி ஒன்றை, விழுந்து மற்றொன்றை. பஞ்சாங்கம் இரண்டையும் ஒரே அட்டைக்குள் அடைத்துவிட்டதால் பாமரர் இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அக்குழப்பத்தைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலாவது, தரவு. விழும் பலனுக்கு மனித உடம்பு தேவை. தலை, நெற்றி, புருவம், தோள், தொடை, கால்விரல், நகம் என இடம் வலம் பிரித்துப் பட்டியலே உண்டு. சொல்லும் பலனுக்குக் கிழமையும் திசையும் போதும். ஆனால் கூடத்தில் இருப்பவருக்குக் கிழக்கே கத்தும் பல்லி, அடுப்படியில் நிற்பவருக்கு மேற்கே கத்துகிறது. ஒரே கத்தலில் கணவனுக்கு லாபமும் மனைவிக்கு நஷ்டமும் வரும் குடும்பத்தின் நிகர வரவை எந்தச் சாத்திரமும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது, சாட்சியம். "தை பொறந்தா பொண்ணுக்கு முடிஞ்சிடும்" என்று அத்தை வாய் மூடுவதற்குள் விட்டத்தில் 'ச்சு ச்சு'. அத்தை தரையை விரலால் தட்டி, "பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்கிறாள். எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவுமே ஆண் பல்லி கத்துகிறது என்பர் விலங்கியலார். ஆகவே கல்யாண விஷயத்தில் அதன் வாக்கை அடியோடு தள்ளிவிடவும் முடியாது.

மூன்றாவது, பரிகாரம். கத்தல் பிடிக்கவில்லையென்றால் காதில் விழவில்லை என்றுவிடலாம். தோளில் விழுந்ததை அப்படி மறுக்க இயலாது, தலைமுழுக வேண்டும். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போகும் என்பது நம்பிக்கை. அதாவது, பல்லி நம்மைத் தொட்டால் தோஷம். நாம் பல்லியைத் தொட்டால் நிவர்த்தி.

இங்கே ஒரு சிக்கல். பல்லியின் விரல்களில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள் உண்டு. அதனால் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். அப்பேர்ப்பட்டதே பிடி நழுவி விழுகிறதென்றால், கெட்ட நேரம் உண்மையில் யாருக்கு?

இதை எழுப்பிய ஒரே முன்னோடி ஆய்வு நம் பழமொழிதான்: ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி, கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். சொல்லும் பல்லியும் விழும் பல்லியும் ஒன்றே என்று அது நிறுவிவிட்டது. ஆனால் பட்டியலில் மனித உறுப்புகள்தாம் உள்ளன, பானை இல்லை. வருங்கால ஆய்வாளர்கள் இவ்விடைவெளியை நிரப்ப வேண்டும். அக்கழுநீரைக் குடிக்கவேண்டிய மாட்டிடமும் கருத்துக் கேட்பது முறை.