எல்லாப் பொட்டலத்திலும் ஓர் அதிமதுரம்

கேள்வி: சீன மருந்துக் கடையில் எந்த நோய்க்குப் பொட்டலம் கட்டினாலும் அதிமதுரத்தையும் போடுகிறார்களே, அது சர்வரோக நிவாரணியா? (வாசகி, ஜொகூர் பாரு)

பதில்: இல்லை, பஞ்சாயத்துத் தலைவர்! சாய்வாகச் சீவிய அந்த மஞ்சள் வில்லைக்குச் சீனர் வைத்த பெயர் 'கான்சாவ்', இனிப்புப் புல். பழைய சீன மருத்துவ நூலான 'ஷாங் ஹான் லுன்' சொல்லும் மருந்துகளில் பாதிக்கு மேல் இது உண்டு. நோயை விரட்டுவதைவிட, முறைத்துக்கொள்ளும் மற்றச் சரக்குகளைச் சமாதானப்படுத்துவதே பெரும்பாலும் இதன் வேலை. "வேர்தானே, என்ன கெடுதல்?" என்பீர்கள். சர்க்கரையைவிட ஏறக்குறைய 50 மடங்கு இனிக்கும் இதன் கிளிசிரைசின் என்ற சத்து, அளவு மீறினால் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். சில நாள் கஷாயத்தில் சில கிராம் என்பது வேறு. மாதக்கணக்கில் ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் குடிப்பது வேறு. பிரஷர் மாத்திரை போடுகிறவர், கடைக்காரர் தராசை எடுக்குமுன் வாயைத் திறக்கட்டும்.